விரிகொம்பா, கூடுகொம்பா, மோழையா?

மாட்டின் கொம்பை அடியில் பிடித்துப் பாருங்கள், இளஞ்சூடாக இருக்கும். கையை மேலே நகர்த்தினால் சூடு குறைந்துகொண்டே போய் நுனி சில்லென்று இருக்கும். உள்ளே ரத்தம் ஓடும் எலும்பு, அதன்மேல் குளம்பு போன்ற ஓர் உறை, அதுதான் கொம்பு. மான்கொம்பு மாதிரி ஆண்டுக்கொரு முறை விழுந்து முளைக்காது. அதனால்தான் கொம்பை வெறும் அலங்காரமாகப் பார்ப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

பெரிய கொம்பு என்றதும் இரண்டு இனங்களைச் சொல்வார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் அங்கோலே மாட்டுக்குப் பெருமை கொம்பின் பருமன். சி.டி. வுட்டி என்ற காளையின் கொம்புச் சுற்றளவு 103.5 செ.மீ. என்று கின்னஸில் பதிவாகியிருக்கிறது. டெக்சாஸ் லாங்ஹார்னுக்கு நீளம்தான் பெருமை. 2019-ல் அளந்தபோது, அலபாமாவில் இருந்த போஞ்சோ வியாவின் கொம்புகள் நுனிக்கு நுனி 323.74 செ.மீ. இருந்தன. அது காயடித்த மாடு. காயடித்தால் கொம்பு நீளமாகப் போகும், பொலிகாளைக்குக் குட்டையாகத் தடிக்கும். இரண்டில் என் ஓட்டு அங்கோலேவுக்கே. தேன்கூடு போல் உட்புறம் அமைந்த அந்தக் கொம்பில் ரத்தம் ஓடி, உடல்சூட்டை வெளியே விடுகிறது.

நம் நாட்டு இனங்களில் அளவைவிட வடிவம்தான் அடையாளம். காங்கேயத்தின் கொம்பு வெளியே விரிந்து, பின்னால் வளைந்து, நுனிகள் நெருங்கும் இடத்தில் ஏறக்குறைய வட்டமாகவே முடியும். ஹள்ளிக்கரில் இரு கொம்பும் உச்சந்தலையில் ஒட்டினாற்போல் கிளம்பி, பாதி நீளம் நேராகப் பின்னோக்கிப் போய், அப்புறம்தான் மெல்ல முன்னே வளையும். இவை இரண்டையும் தூரத்தில் நின்றே பிரித்துச் சொல்லிவிடலாம். கிர் மாட்டின் கொம்பு கீழிறங்கிப் பின்வாங்கி மறுபடி மேலேறும், பிறை நிலா போல. காங்கிரெஜ் கொம்பு யாழ் வடிவம், தோல் மற்ற இனங்களைவிட உயரம் வரை ஏறியிருக்கும். அழகில் காங்கிரெஜை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கொம்புப் புற்றுநோயும் அந்த எருதுகளில் கூடுதலாக வருகிறது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி நின்றாலோ, கொம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாலோ, ஒரு மூக்கில் ரத்தம் கசிந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். சாஹிவாலுக்குக் குட்டைக் கொம்புதான். பசுக்களில் அது மண்டையோடு ஒட்டாமல் ஆடுவதும் உண்டு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பசுவின் கொம்பில் கட்டைவிரலை ஓட்டினால் வரிவரியாகத் தட்டுப்படும். சினைக்காலத்தில் சத்து கன்றுக்குப் போவதால் விழும் பள்ளங்கள் அவை. வரிகளை எண்ணி இரண்டைக் கூட்டினால் வயது தோராயமாகக் கிடைக்கும். சீவி மெருகேற்றிய கொம்பில் இந்தக் கணக்கு செல்லாது.

சரி, மோழைக்கு, அதாவது கொம்பில்லாத மாட்டுக்கு வருவோம். ஆங்கஸ், கேலோவே இனங்களுக்குப் பிறவியிலேயே கொம்பு கிடையாது. ஹோல்ஸ்டீன், ஜெர்சி அப்படியல்ல. அவற்றுக்குக் கொம்பு வரும், நாம்தான் கன்றிலேயே குருத்தைச் சுட்டுவிடுகிறோம். நெருக்கமான தொழுவத்தில் மாடுகள் ஒன்றையொன்று குத்திக் கிழிப்பதைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். சுடுவதென்றால் இரண்டு மாதத்துக்குள், மரத்துப்போக ஊசி போட்ட பிறகே சுட வேண்டும். அதுவரை குருத்து தோலில்தான் இருக்கும், பிறகு மண்டையோடு ஒட்டிவிடும். ஆறேழு மாதம் தாண்டி அறுத்தால் நெற்றிக்குள் இருக்கும் காற்றறையே திறந்துகொள்ளும். அந்தப் புண் ஆறப் பல வாரம் ஆகும், ஈ மொய்க்கும், சீழ் பிடிக்கும்.

கொம்பு வேண்டாம் என்றால் சுடுவதைவிட மோழைக் காளையைச் சேர்ப்பதே மேல். மோழைத்தன்மை ஓங்கு பண்பு, பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்பட்டுவிடும். தாய், தந்தை இரு வழியிலும் அதைப் பெற்ற காளையாக இருந்தால், கொம்புள்ள பசுவுக்குப் பிறக்கும் கன்றும் மோழையாகவே வரும், மிஞ்சினால் மண்டையில் ஒட்டாத சிறு முளை தெரியலாம். ஆனால் காங்கேயத்துக்கும் காங்கிரெஜுக்கும் இந்த யோசனையைச் சொல்ல எனக்கு மனம் வராது. அவற்றுக்குக் கொட்டகையைத்தான் அகலமாகக் கட்ட வேண்டும்.