ஹெஸ்டர் பேட்மேன் வெள்ளி ஸ்பூன் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: 480 பவுண்டு போச்சு

480 பவுண்டு. நான்கு வெள்ளி டேபிள் ஸ்பூனுக்கு நான் கொடுத்த பணம். நான்கும் போலி என்று இன்று காலை உறுதியாகிவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என்னைப் போல இங்கிலாந்தில் இருந்துகொண்டு பழைய வெள்ளி சேர்க்கிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

வாங்கியது பழம்பொருள்களை ஏலம் விடும் ஓர் இணையதளத்தில். தளத்தின் பெயரும் விற்றவர் பெயரும் இங்கே வேண்டாம். ‘ஹெஸ்டர் பேட்மேன், லண்டன், 1776’ என்று போட்டிருந்தார். கணவர் இறந்த பிறகு 1761இல் தன் பெயரில் முத்திரை பதிந்து, 1790 வரை லண்டனில் வெள்ளிப் பட்டறையை நடத்திய பெண்மணி ஹெஸ்டர் பேட்மேன். சாய்வெழுத்தில் அவருடைய ‘எச் பி’ இருந்தாலே விலை ஏறும். போலி செய்கிறவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

விற்றவரை நான் ஏன் நம்பினேன் என்று சொல்லியே ஆகவேண்டும். மனிதருக்கு விஷயம் தெரிந்திருந்தது. மன்னர் தலை முத்திரை ஏன் இல்லை என்று வேண்டுமென்றே கேட்டுப் பார்த்தேன். வரி கட்டியதற்கான அந்தத் தலை 1784இல்தான் வந்தது, 1776 ஸ்பூனில் அது இருந்தால்தான் சந்தேகப்படவேண்டும் என்று உடனே பதில் வந்தது. சரியான பதில். வெள்ளியின் தரத்தைக் காட்டும் முத்திரையில் சிங்கம் முகத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கும், லண்டன் முத்திரையான சிறுத்தைத் தலையில் கிரீடம் இருக்கும், இரண்டும் 1821 வரைதான் என்று அவரே எடுத்துச் சொன்னார். அதுவும் சரி. எந்த ஆண்டு முத்திரையிட்டது என்று காட்டும் தேதி எழுத்து, சின்ன ‘ஏ’, அதுவும் 1776க்குப் பொருந்தியது. அந்தக் காலத்து வழக்கப்படி முத்திரைகள் காம்பின் கீழ்ப்பக்கம், குழிக்குப் பக்கத்தில் இருந்தன. “எங்கள் பாட்டி வீட்டு ஸ்பூன். மதிப்புத் தெரிந்தவர் கைக்குப் போனால் போதும்” என்றார். அன்றைக்கே 480 பவுண்டையும் கட்டினேன்.

ஸ்பூன்கள் வந்ததும் வரிசையாகக் கவிழ்த்து வைத்து, பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். முதல் ஸ்பூனில் சிங்கத்தின் காலடியில் மயிரிழை போல ஒரு கீறல், பக்கத்திலிருந்த தேதி எழுத்தின் கட்டம் வரை ஓடியது. பழைய ஸ்பூன் என்றால் கீறல் இருக்கும்தானே. இரண்டாவதை எடுத்தேன். அதே கீறல், அதே இடம், அதே நீளம். மூன்றாவதிலும் இருந்தது, நான்காவதிலும் இருந்தது. வயிற்றைப் பிசைந்தது.

அந்தக் காலத்தில் முத்திரைகளை ஒவ்வொன்றாகக் கையால் குத்தினார்கள். ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்று ஆழமாக இறங்கியிருக்கும், இடைவெளி ஸ்பூனுக்கு ஸ்பூன் மாறும். குத்தும்போது நசுங்கிய காம்பைத் திரும்பத் தட்டிச் சரிசெய்வதால் முத்திரையே கொஞ்சம் கோணலாகிவிடுவதும் உண்டு. என்னிடம் இருக்கும் நான்கிலும் சாய்வு, ஆழம், இடைவெளி எல்லாம் ஒன்றே. எழுத்தின் ஓரங்கள் தேய்ந்த சோப்பு மாதிரி மழுங்கிக் கிடக்கின்றன, கட்டத்தின் உள்ளே மணல் மணலாகத் தெரிகிறது. ஏதோ ஓர் அசல் ஸ்பூனை அச்செடுத்து நான்கு வார்த்திருக்கிறார்கள். இன்று காலை பார்த்த வெள்ளி வியாபாரி ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை, “வார்ப்பு” என்று சொல்லிக் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வியாபாரியிடம் போவதற்கு முன்பே, விற்றவருக்கு எழுதிக் கேட்டபோது, ஒரே குத்தாணியால் குத்தினால் ஒரே மாதிரிதான் விழும் என்றார். முத்திரை ஒரே மாதிரி விழும், சரி. இரண்டு முத்திரைக்கு நடுவே ஓடும் கீறலுமா? அதற்குப் பதில் இல்லை. அப்புறம் “வெள்ளி வெள்ளிதானே, அதில் பொய் இல்லையே” என்றார். அதற்கடுத்து, தான் தனிநபர், கடைக்காரர் இல்லை, திருப்பி எடுக்கும் வழக்கம் கிடையாது என்றார். 1784இல் வந்த முத்திரையைப் பற்றி எனக்கு வகுப்பெடுத்தவருக்கு வார்ப்பு எது, குத்தியது எது என்று தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் விற்றிருக்கிறார்.

தளத்துக்காரர்கள் முதலில் படம் கேட்டார்கள், அனுப்பினேன். பிறகு அதே படத்தை வேறு படிவத்தில் கேட்டார்கள். நிபுணர் ஒருவரின் கடிதம் வேண்டும் என்றார்கள். இன்று கடிதம் வாங்கி அனுப்பினால், புகார் கொடுக்கும் காலக்கெடு முடிந்துவிட்டதாம். கடிதம் கேட்டதே அவர்கள்தான்! 480 பவுண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஆளோ இன்னும் அங்கே விற்றுக்கொண்டிருக்கிறார்.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. செட்டாக விற்றால் எல்லா ஸ்பூனின் முத்திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படமாகக் கேளுங்கள். எனக்கு வந்தவை தனித்தனிப் படங்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு வெளிச்சத்தில். பொருள் வந்த அன்றே புகாரைப் பதிந்துவிடுங்கள், கடிதமெல்லாம் பிறகு. சந்தேகம் இருந்தால் வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. போலி ஹால்மார்க் என்று தெரிந்தே விற்பது 1973ஆம் ஆண்டு ஹால்மார்க் சட்டப்படி குற்றம். வியாபார மோசடிகளை விசாரிக்கும் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அலுவலகத்துக்கான புகாரை இனிமேல்தான் எழுதவேண்டும், இன்று ராத்திரியே அனுப்புகிறேன்.