நகராட்சிக்கு ஆஜராவதா, நகராட்சியை எதிர்த்து ஆஜராவதா?

எங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் நாலைந்து வருடம் ஓட்டிய ஜூனியர்கள் டீக்கடை வரை கூடவே வந்து கேட்பது இதைத்தான்: "சார், நகராட்சி பேனலுக்கு பயோடேட்டா கொடுக்கலாமா?" 2013 முதல் 2021 வரை ஒரு நகராட்சியின் பேனலில், அதாவது அதன் வழக்குகளுக்கு ஆஜராகும் வக்கீல்கள் பட்டியலில், இருந்தேன். இப்போது வேறு ஊர் நகராட்சிகளை எதிர்த்து வழக்கு நடத்துகிறேன். இரண்டு பக்கத்து நாற்காலியிலும் உட்கார்ந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. மாதச் சம்பளத்துக்குச் சட்ட அலுவலராகப் போவது. இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பார் கவுன்சில் விதி 49இன்படி முழுநேரச் சம்பளத்தில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டுத் தொழிலை நிறுத்த வேண்டும். ஹிமாச்சலப் பிரதேச மின்வாரியச் சட்ட அலுவலர் ஒருவரின் பதிவைப் பார் கவுன்சில் திரும்பப் பெற்றது சரிதான் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாதம் பிறந்தால் சம்பளம், சரி. ஆனால் கவுன் பீரோவுக்குள் போய்விடும். கோர்ட்டில் நின்று பேசத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தோம் என்பவர்களுக்கு இது ஒத்துவராது.

இனி பணம். தனிக் கட்சிக்காரர் வக்காலத்தில் கையெழுத்துப் போடும்போதே ஒரு பகுதி ஃபீஸ் வந்துவிடும். பேனலில் வழக்குக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகைதான். அதுவும் தீர்ப்பு நகலை வைத்து பில் போட்டு, அது மேசை மேசையாக நகர்ந்து வந்தால்தான். என் பில் ஒன்று பதினான்கு மாதம் கழித்து ஆடிட் ஆட்சேபணையோடு திரும்பி வந்தது: "எந்த உத்தரவின் பேரில் ஆஜரானீர்கள்?" உத்தரவு அவர்கள் ஃபைலில்தான் இருந்தது. பேனலை மட்டும் நம்பி வீட்டுக் கடன் வாங்காதீர்கள்.

அடுத்து கட்சிக்காரர். நகராட்சியை எதிர்த்து நடத்தினால், வீட்டு வரி ரசீது, ஈ.பி. கார்டு, பத்திரம் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அவரே காலை ஏழு மணிக்கு வந்து நிற்பார். அவருடைய கடை, அவருடைய பதற்றம். நகராட்சிப் பக்கம் கமிஷனர் மாறுவார், டவுன் பிளானிங் இன்ஸ்பெக்டர் மாறுவார், வழக்கு மட்டும் அப்படியே இருக்கும். வழக்குக்குப் பதிலாகத் தாக்கல் செய்யும் எதிருரைக்கு 30 நாள், நீட்டித்தால் 90 நாள் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டம். எனக்கு ஃபைல் வந்து சேர்வது பெரும்பாலும் எண்பதாவது நாளுக்கு மேல். பாரா வாரியாகக் குறிப்பு கேட்டால் "மனுதாரர் கூறுவது அனைத்தும் தவறு" என்று ஒரே வரி. அதை வைத்து என்ன எழுத?

ஆனால் தொழில் கற்றது அங்கேதான். ஒரு முறை பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தெருவில் ஒரு கடைக்காரர் இடைக்காலத் தடை வாங்கிவிட்டார். பதினைந்து வருடமாக அதே இடத்தில் இருக்கிறேன், எதிரிடை அனுபவத்தில், அதாவது உரிமையாளர் தடுக்காமல் நீண்ட காலம் அனுபவித்ததால், இடம் எனக்கே என்பது அவர் கேஸ். சர்வேயரை விடாமல் துரத்தி, அவரையும் ஒரு டேப்பையும் கூட்டிக்கொண்டு காலையில் போனேன். டவுன் சர்வே வரைபடத்தில் தெரு முப்பது அடி, தரையில் இருபத்திரண்டு. மீதி எட்டு அடியில் கடை, கடைக்கு அடியில் சாக்கடை. தனியார் நிலம் என்றால் 12 வருடம் தாண்டியதும் உரிமையாளர் பாடு திண்டாட்டம். பொதுத் தெருவை மீட்க உள்ளாட்சி அமைப்புக்குக் காலவரையறைச் சட்டத்தின் 111ஆவது இனம் 30 வருடம் தருகிறது. எதிர்த்தரப்பு சீனியர் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. தடை ரத்தானது. அந்த வரைபடம் வேறொரு குடிநீர் ஃபைலில் தவறிப்போய்க் கிடந்தது என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தோற்ற வழக்குகள் கற்றுக்கொடுத்தது இன்னும் அதிகம். நகராட்சி தோற்பது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, நோட்டீஸால். கதவில் ஒட்டினோம் என்பார்கள், போட்டோ இருக்காது. விளக்கம் கேட்டோம் என்பார்கள், வந்த விளக்கத்தைப் படித்ததாக உத்தரவில் ஒரு வரி இருக்காது. எட்டு வருடம் இந்த ஓட்டைகளை அடைக்கப் பாடுபட்டதால், இன்று எதிர்ப்பக்கம் இருந்து ஃபைலைப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று ஐந்து நிமிடத்தில் தெரிகிறது. 'நிதி இல்லை' என்ற பதிலும் அப்படித்தான். சாக்கடை கட்டப் பணமில்லை என்று கைவிரிக்க முடியாது என 1980இல் ரத்லாம் நகராட்சி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. பேனலில் இருந்தபோது அந்த வரியை எதிருரையிலிருந்து அடிப்பேன். இப்போது எதிருரையில் அதைத் தேடுகிறேன்.

தொந்தரவும் உண்டு. 2016 வரை கவுன்சிலர் போன் வரும்: "நம்ம ஆளு கடை, கொஞ்சம் மெதுவா." அதற்குப் பிறகு 2022 தேர்தல் வரை கவுன்சிலர்கள் இல்லாத தனி அலுவலர் ஆட்சி, போன் நின்றது, ஃபைலும் நின்றது. 2021இல் ஆட்சி மாறியதும் அரசு தலைமை வழக்கறிஞரே பதவி விலகினார். பேனல் வக்கீல் எம்மாத்திரம்? எங்கள் பட்டியலும் மாறியது.

ஆக, இன்று ஜூனியராக இருந்தால் நான் பேனலுக்குத்தான் போவேன், ஐந்தாறு வருடத்துக்கு. 2023 ஏப்ரலில் 1998ஆம் வருடத்து நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் புதிய விதிகளோடு நடைமுறைக்கு வந்துவிட்டது. அதுவரை நகராட்சிகளுக்கு இருந்த 1920ஆம் வருடத்துச் சட்டத்தை மனப்பாடமாக வைத்திருந்த சீனியர்களும் மறுபடி முதல் பக்கத்திலிருந்துதான் படிக்கிறார்கள். கூடவே சொந்த வழக்குகள் இருக்கட்டும், ஆனால் அதே நகராட்சியை எதிர்த்து வேண்டாம். வெளியே வந்த பிறகும், நீங்கள் ஆஜரான வழக்கில் எதிர்த்தரப்புக்குப் போக முடியாது. பார் கவுன்சில் விதி 33 அதற்குத்தான்.

பயோடேட்டா கொடுக்கும் முன் அந்த அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். பதிவேடுகள் வருட வாரியாக அலமாரியில் இருந்தால் தயங்காமல் கொடுங்கள். சாக்கில் கட்டி ஜெனரேட்டர் பக்கத்தில் போட்டிருந்தால், முதலில் சர்வேயரோடு சிநேகம் பிடியுங்கள்.