கேமிங்குக்கு வீட்டில் லினக்ஸ் ஃபயர்வால்: சில வருடம் ஓட்டிய பிறகு

இரண்டு ஈதர்நெட் போர்ட் உள்ள சின்னக் கணினி ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸைப் போட்டு, லினக்ஸின் ஃபயர்வால் மென்பொருளான என்எஃப்டேபிள்ஸின் விதிகளை நானே எழுதி, அதையே வீட்டு ரவுட்டராகச் சில வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பின்னால் ஒரு கேமிங் கணினி, இரண்டு எக்ஸ்பாக்ஸ், வீட்டில் எல்லோருடைய போன்களும். ஆன்லைன் கேமுக்கு ஃபயர்வால் என்றால் உடனே எந்த போர்ட்டை (ஈதர்நெட் துளை அல்ல, இணைப்புகளைப் பிரித்துக்காட்டும் எண்) திறக்கணும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். போர்ட் திறப்பதால் லேக், அதாவது ஆட்டத்தில் வரும் தாமதம், குறையாது. ஆட்டம் உண்மையிலேயே மாறியது பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) வரிசையைச் சரிசெய்த பிறகுதான்.

அடிப்படை விதிகள் ரொம்பக் கொஞ்சம். வெளியிலிருந்து வரும் எதுவும் இயல்பாக டிராப் (பதில் சொல்லாமல் தூக்கி எறிவது), உள்ளிருந்து தொடங்கிய இணைப்புக்கான பதில் மட்டும் உள்ளே வரலாம், அவ்வளவுதான். நிறுவனத்தின் சர்வரில் நடக்கும் கேம்களுக்கு இதுவே போதும், ஏனென்றால் முதல் பாக்கெட்டை அனுப்புவது நம் கணினி, திரும்பி வருவதை, எந்த இணைப்பை யார் தொடங்கினார் என்று குறித்துவைக்கும் கர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) கனெக்‌ஷன் டிராக்கிங் அடையாளம் கண்டு விட்டுவிடும். பாதுகாப்பு என்று நினைத்து ஐசிஎம்பி (நெட்வொர்க் கருவிகள் தங்களுக்குள் பிழைச் செய்தி சொல்லும் முறை) முழுவதையும் அடைக்காதீர்கள். பாக்கெட் பெரிதாக இருக்கிறது என்று வழியில் உள்ள ரவுட்டர் சொல்லும் செய்தி அதில்தான் வரும். ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி முறை) இருந்தால் அதற்கான ஐசிஎம்பிவி6 இல்லாமல் பக்கத்துக் கருவியைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

நாட் என்பது வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்ள வைக்கும் முறை, அதன் வகைதான் தலைவலி. வாய்ஸ் சாட், நண்பர் நடத்தும் அறை போன்றவற்றில் இரண்டு வீட்டுக் கருவிகள் நேரடியாகப் பேசவேண்டி வரும், அங்கேதான் நேரடி இணைப்பு கஷ்டம் என்று சொல்லும் ஸ்ட்ரிக்ட், மாடரேட் எல்லாம் கண்ணில் படும். லினக்ஸில் நாட் செய்யும் மாஸ்கரேட் விதி முடிந்தவரை கருவி பயன்படுத்திய அதே போர்ட் எண்ணையே வெளியிலும் வைத்துக்கொள்ளப் பார்க்கும். பாதுகாப்பு டிப்ஸ் பார்த்து அந்த விதியில் ரேண்டம் என்ற கொடியைச் சேர்த்துவிட்டால் இந்த நல்ல குணம் போய்விடும், கேமுக்கு அது வேண்டாம். ஒரே எக்ஸ்பாக்ஸ் என்றால் அதற்கு நிலையான உள் முகவரி கொடுத்து யுடிபி என்ற அனுப்பும் முறையின் 3074 போர்ட்டை அதற்கு ஃபார்வர்ட் செய்தால் (அந்த எண்ணுக்கு வெளியிலிருந்து வருவதை அதனிடம் அனுப்பினால்) வேலை முடிந்தது. இரண்டு இருந்தால் இரண்டுமே 3074 கேட்கும், ஒன்றுக்குத்தான் கிடைக்கும். அதற்காகத்தான் மினியுபிஎன்பிடி வைத்திருக்கிறேன், கருவிகள் தாமே கேட்டு போர்ட் திறந்துகொள்ளும் யுபிஎன்பி முறையை ரவுட்டரில் நடத்தும் மென்பொருள் அது. யுபிஎன்பி பற்றிய பயம் நியாயமானது, வீட்டுக்குள் இருக்கும் எந்த மென்பொருளும் கேட்டால் போர்ட் திறந்துவிடும். அதனால் கேம் கருவிகளின் முகவரிகளுக்கு மட்டும் அனுமதி, 1024-க்குக் கீழே எதுவும் கிடையாது, யார் கேட்கிறாரோ அவருக்கு மட்டும் திறக்கும் செக்யூர் மோட். இப்படி வைத்ததில் இன்றுவரை ஒரு தொந்தரவும் இல்லை. கேம் கருவியை டிஎம்இசட்டில், அதாவது எல்லா போர்ட்டும் அதற்குத் திறந்திருக்கும்படி, போடச் சொல்வார்கள், ஒரு போர்ட்டுக்காக அத்தனையையும் திறந்துவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இன்னொன்று, உங்கள் ரவுட்டரின் வெளி முகவரி 100.64-இல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தால் சேவை நிறுவனமே மேலே இன்னொரு நாட் வைத்திருக்கிறது, இங்கே என்ன திறந்தாலும் வெளியே தெரியாது.

சரி, லேக். வீட்டில் யாரோ போட்டோ அப்லோட் செய்யும்போது பிங் (பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரம்) தாறுமாறாக ஏறுகிறதா? அது பஃபர்ப்ளோட். மோடம் தன் பெரிய பஃபரில் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடத்தில்) அப்லோட் பாக்கெட்டுகளை அடுக்கிவைக்கும், நம் சின்ன கேம் பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும். தீர்வு, அந்த வரிசையை மோடத்திடமிருந்து பிடுங்கி லினக்ஸிடம் கொடுப்பது. கேக் என்ற வரிசை முறை 2018-இல் வந்த 4.19 கர்னலிலிருந்து உள்ளேயே இருக்கிறது. லைனின் உண்மையான வேகத்தில் 90 சதவீதம் அளவுக்கு வரம்பு வைத்தால் மோடத்தின் பஃபர் நிரம்பவே நிரம்பாது. டவுன்லோட் பக்கத்துக்கு ஐஎஃப்பி என்ற மெய்நிகர் இடைமுகம் வழியாகத் திருப்பிவிட வேண்டும், கொஞ்சம் சுற்று வேலைதான், ஆனால் செய்யுங்கள். நாட் என்ற விருப்பத்தையும் மறக்காமல் கொடுங்கள், அப்போதுதான் கேக் வீட்டுக்குள் இருக்கும் கருவிகளைத் தனித்தனியாகப் பார்த்துப் பங்கு பிரிக்கும். இதைப் போட்ட பிறகு எங்கள் வீட்டில் பெரிய கேம் அப்டேட் இறங்கும்போதும் இன்னொருவர் போட்டி ஆட்டம் ஆடுகிறார். அந்தப் பத்து சதவீத வேகத்தை இழந்ததற்கு நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

குறை இல்லாமல் இல்லை. கேக் சிபியு தின்னும், வேகமான லைனில் பலவீனமான கருவி திணறிவிடும். லைன் வேகமே நேரத்துக்கு நேரம் மாறும் வயர்லெஸ் இணைப்பு என்றால் நிலையான வரம்பு சரிப்படாது.

அப்புறம் விதிகளை மாற்றுவது. என்எஃப்டேபிள்ஸ் ஒரு கோப்பை முழுதாக ஒரே மூச்சில் ஏற்றும், தவறு இருந்தால் பழையது அப்படியே நிற்கும், ஆட்டம் நடுவில் இருந்தாலும் தைரியமாக மாற்றலாம். ஆனால் கோப்பின் தலையில் எல்லா விதிகளையும் அழிக்கும் வரி வைத்திருந்தால் மினியுபிஎன்பிடி சேர்த்த விதிகளும் சேர்ந்து போய்விடும், எக்ஸ்பாக்ஸ் திடீரென ஸ்ட்ரிக்ட் காட்டும். உங்கள் டேபிளை (விதிகளின் தொகுப்பு) மட்டும் அழித்து மறுபடி ஏற்றுங்கள், மினியுபிஎன்பிடியின் டேபிளைத் தொடாதீர்கள்.