மூன்று எண், ஒரே இன்ட்: நாலு வருஷம் கழித்து

"சின்னச் சின்ன எண்களை ஒரே இன்ட்டில் அடைக்கலாமா?" என்று நண்பர் கேட்டார். நேரம் பார்த்துத்தான் கேட்டார். நாலு வருஷம் முன்பு நானே அப்படி அடைத்ததால் வந்த பக் ஒன்றை அன்றைக்குத்தான் சரிசெய்து முடித்திருந்தேன்.

ஜாவாவில் இன்ட் என்றால் 32 பிட் முழு எண். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு இன்ட்: மேலே நிலைக்கு 3 பிட், நடுவில் முன்னுரிமைக்கு 5, கீழே வரிசை எண்ணுக்கு 24. அவ்வளவுதான் என் அமைப்பு. மெமரி மிச்சம் என்று ஆரம்பித்தேன். ஆப்ஜெக்ட் என்றால் ஜாவாவை ஓட்டும் 64 பிட் ஜேவிஎம்மில் சாதாரணமாக 24 பைட், இங்கே 4. ஆனால் மனசு மயங்கியது வேறொன்றில். வெறும் எண்ணாக சார்ட் செய்தாலே நிலை, முன்னுரிமை, வரிசை என்று மூன்றும் ஒழுங்காக வந்து நிற்கும். எது முந்தி என்று ஒப்பிட்டுச் சொல்லும் கம்பாரேட்டரே தேவையில்லை.

அந்த சார்ட்தான் காலை வாரியது. 0 முதல் 3 வரை நாலு நிலைகள் இருந்தவரை வம்பில்லை. ஐந்தாவதாக 'ரத்து' சேர்ந்தது. பைனரியில் 4 என்றால் 100. அந்த 1 போய் உட்கார்ந்த இடம் குறி பிட், எண் மைனஸா இல்லையா என்று சொல்லும் மேல் பிட். ரத்தான வேலைகள் எல்லாம் மைனஸாகி, கடைசியில் நிற்க வேண்டியவை வரிசையின் முதலில் வந்துவிட்டன. லாக்கில் -2113929209 என்று ஒரு எண். அதற்குள் நிலை 4, முன்னுரிமை 2, வரிசை 7 இருக்கிறது என்று எவன் கண்டான்?

பிரித்தெடுக்கும் இடத்திலும் அதே கூத்து. நிலையை எடுக்க பிட்களை 29 இடம் வலப்புறம் தள்ள வேண்டும். >> 29 போட்டால் 4 வராது, -4 வரும். >>> போட்டிருக்க வேண்டும், அதுதான் குறி பிட்டை நீட்டாமல் பூஜ்யத்தால் நிரப்பும். மற்ற இரண்டுக்கும் வேண்டாத பிட்களை அழிக்கும் மாஸ்க் போட்டவன், மேலே இருப்பதற்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான், ஆனாலும் மைனஸே இல்லாத அன்சைன்ட் இன்ட் கொடுக்காத ஜாவா மேல் கோபம் போகவில்லை. குறியைப் பார்க்காமல் ஒப்பிட Integer.compareUnsigned இருக்கிறதே என்பீர்கள், Arrays.sort-க்கு int[] கொடுத்தால் கம்பாரேட்டர் ஏற்காது. கடைசியில் வரிசை எண்ணை 23 பிட்டாகக் குறைத்து, மேல் பிட்டைக் காலியாக விட்டேன். இனி 83,88,607-தான் எல்லை.

டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் பழைய ஃபேட் ஃபைல் சிஸ்டமும் இப்படித்தான். விநாடிக்கு 5 பிட்தான் மிஞ்சியது, அதில் 60 அடங்காது, ஆகவே கடைசி மாற்ற நேரத்தில் இரட்டைப்படை விநாடி மட்டும்.

வேகம், மெமரி, சார்ட் எதிலும் குறை சொல்ல மாட்டேன். நண்பரிடம் "வேண்டாம்பா, கிளாஸ் எழுதிக்கோ" என்றுதான் சொன்னேன். நான் இப்போது அடுத்ததை 64 பிட் லாங்கில் அடைத்துக்கொண்டிருக்கிறேன்.