பெரிய பிளாஸ்டிக் பொருளுக்கு மாதிரி செய்யக் கொடுக்கிறீர்களா? அட்வான்ஸ் தரும் முன் படியுங்கள்

கோவையில் வீட்டு உபயோக பிளாஸ்டிக் பொருட்களுக்கு மாதிரி செய்து தருவதாகச் சொல்லும் ஒரு நிறுவனம் எங்களிடம் 60,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, எழுதிக் கொடுத்ததற்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றைப் பெயின்ட் அடித்து அனுப்பியது. இன்னொருவர் ஏமாறக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நானும் என் தங்கையும் சமையலறைக் கழிவை மக்கவைக்கும் தொட்டி ஒன்றை வடிவமைத்திருக்கிறோம். 60 லிட்டர் கொள்ளளவு, 40 செ.மீ. விட்டம், அரை மீட்டர் உயரம், உரம் எடுக்கப் பக்கவாட்டில் ஒரு கதவு. மொட்டை மாடியில் வெயிலிலும் மழையிலும் கிடக்க வேண்டிய பொருள். கொட்டேஷனில் தெளிவாகவே இருந்தது: 4 மி.மீ. ஏபிஎஸ் (உறுதியான ஒரு பிளாஸ்டிக்) தகடு, வேக்குவம் ஃபார்மிங் (தகட்டைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சி அச்சின் மேல் படிய வைக்கும் முறை), இரண்டு பாதிகளாகச் செய்து இணைத்துத் தரப்படும்.

வந்த தொட்டி பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாடியில் வைத்த சில நாட்களில் கதவின் சட்டம் உள்வாங்கியது, பக்கச் சுவரில் நீளமாக விரிசல் விட்டது. பெயின்டைச் சுரண்டினால் பட்டி. பட்டிக்குக் கீழே த்ரீடி பிரின்டரின் அடுக்குக் கோடுகள். துண்டு துண்டாக அச்சடித்து ஒட்டி, மூட்டுகளை மறைத்திருக்கிறார்கள். உடைந்த சில்லு ஒன்றை அசிட்டோனில் போட்டோம். ஏபிஎஸ் என்றால் பிசுபிசுத்துக் கரைந்திருக்கும், இது கரையவில்லை. நேரில் போய்க் கேட்டபோது பிஎல்ஏ என்று ஒப்புக்கொண்டார்கள். 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகிவிடும் பிளாஸ்டிக் அது.

த்ரீடி பிரின்டிங் மோசமானது என்று நான் சொல்லவில்லை. கைப்பிடி கைக்கு அடங்குகிறதா, மூடி சரியாக உட்காருகிறதா என்று பார்க்க அது நல்ல வழி. எங்கள் கேள்வி வேறு: வெயிலைத் தாங்குமா, ஈரக் கழிவின் பாரத்தில் சுவர் புடைக்குமா? இதைச் சொல்லித்தான் வேலையைக் கொடுத்தோம்.

அதைவிட ஆத்திரமூட்டியது அடுத்த பேச்சு. "மாதிரி என்றால் இப்படித்தான் மேடம் இருக்கும். நேராக இன்ஜெக்‌ஷன் மோல்டு போட்டுவிடுங்கள், 14 லட்சம், பாதி முன்பணம்." வடிவமே முடிவாகாத பொருளுக்கு இரும்பில் மோல்டு! இன்ஜெக்‌ஷன் முறையில் உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள், அதாவது இரும்பு அச்சுக்குள், உயர் அழுத்தத்தில் பாயும்போது அது திறந்துகொள்ளாமல் பிடிக்க, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.3 டன் விசை வேண்டும். எங்கள் தொட்டியின் பரப்புக்கு மட்டும் 400 டன் மெஷின் தேவைப்படும். பக்கவாட்டுக் கதவுக்கு மோல்டில் தனியாக நகரும் பாகம் வேண்டும். பிறகு கதவை இரண்டு விரற்கடை மேலே ஏற்ற நினைத்தால் இரும்பை மறுபடி வெட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்கும் பொருளுக்குத்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும்.

தண்ணீர்த் தொட்டிகள் செய்யும் ரோட்டோ மோல்டிங் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை. பாலிஎத்திலீன் தூளை அச்சுக்குள் போட்டு, அடுப்பில் வைத்துச் சுழற்றும் முறை அது. அழுத்தம் இல்லாததால் தகட்டை வெல்டு செய்த அச்சே போதும். ஒவ்வொரு தொட்டிக்கும் நேரம் அதிகம் பிடிக்கும். சில நூறு தொட்டிகளே விற்க நினைக்கும் எங்களுக்கு அது பொருட்டல்ல. ஒரே ஒரு மாதிரிதான் வேண்டுமென்றால், ரசாயனத் தொட்டி செய்யும் பட்டறைகளில் எச்டிபிஇ (கெட்டியான பாலிஎத்திலீன்) தகட்டைச் சூடான காற்றில் வெல்டு செய்தே வாங்கலாம். இந்த நிறுவனத்திடம் இருப்பவை பிரின்டர்கள் மட்டுமே, மோல்டு வேலை வெளியே போகிறது, அதில் கமிஷன் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

எந்தப் பிளாஸ்டிக், எந்த முறை, எத்தனை மூட்டுகள், மூலைகளில் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்பதைக் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். வேக்குவம் ஃபார்மிங்கில் தகடு இழுபட்டு மூலைகள் மெலிந்துவிடும், 4 மி.மீ. என்று மட்டும் எழுதினால் அது தொடக்கத் தகட்டின் அளவாகவே இருக்கும். பெயின்ட் அடிப்பதற்கு முன் நேரில் பாருங்கள். அச்சு செய்தால் அது யாருக்குச் சொந்தம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

தொழிலுக்காக வாங்கியதால் நாங்கள் நுகர்வோர் அல்ல, எங்கும் புகார் செய்ய முடியாது என்று மிரட்டினார்கள். இருந்தும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்தோம். வழக்கறிஞர் நோட்டீஸும் அனுப்பியிருக்கிறோம். அதற்குப் பிறகு, பாதிப் பணத்தைத் தருகிறோம், வெளியே எதுவும் எழுதாதீர்கள் என்று தொலைபேசியில் சொன்னார்கள். முழுத் தொகையையும் கேட்டிருக்கிறோம்.