308 ரைஃபிள் கேஸ்: லபுவாவா, பி.பி.யு.வா? அடியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

கேஸ் என்பது தோட்டாவின் பித்தளைக் கூடு; சுட்ட பிறகு அதையே திரும்ப நிரப்பிச் சுடலாம். 308 அளவு ரைஃபிளுக்கான கேஸ் பிராண்டுகளில் ஒரு பி.பி.யு. கேஸுக்குக் கொடுக்கும் காசைப்போல் லபுவாவுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. உலோகம் ஒன்றேதான்: 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அப்புறம் எதற்கு இரட்டிப்பு விலை என்று கம்பம், குமுளி, போடிமெட்டுப் பக்கத்து ஷூட்டர்கள் கேட்காத சீசன் இல்லை. லபுவா நூறு வாங்கிவிட்டு எழுதுகிறேன், அதனால் அந்தப் பக்கச் சாய்வு இருக்கும். காரணம் சொல்லிவிட்டுச் சாய்கிறேன்.

முதலில் சட்டம். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. காலி கேஸ், பிரைமர் (கேஸின் அடியில் உட்கார்ந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் கிண்ணம்), வெடிமருந்து என்று எதையும் அனுமதி இல்லாமல் கையில் வைத்துக்கொண்டு "சும்மா சேர்த்து வைத்தேன்" என்று சொன்னால் செல்லாது. இந்த அலசல் அந்த அனுமதி உள்ளவர்களுக்கும், கையால் நிரப்புவது சாதாரணமாக நடக்கும் நாடுகளில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும்தான். மருந்தின் அளவு பற்றி இங்கே ஒரு வார்த்தையும் வராது. அதற்குத் தயாரிப்பாளரின் அட்டவணை இருக்கிறது.

போட்டியில் இருப்பவை மூன்று. ஃபின்லாந்தின் லபுவா, செர்பியாவின் உஜிட்சே ஊரிலிருந்து வரும் பி.பி.யு., அமெரிக்காவின் வின்செஸ்டர். நான்காவதாக ராணுவத் தோட்டாவின் காலிக் கேஸ். இந்தியாவில் அதைத் தொடவே கூடாது, அது அரசுச் சொத்து. வெளிநாட்டில் சட்டப்படி கிடைத்தாலும் சுவர் தடித்து, கனம் கூடி, உள்ளிடம் குறைந்திருக்கும். மற்றதற்கு வைத்த மருந்தளவை அப்படியே அதில் போட்டால் அழுத்தம் ஏறும். பிரைமரைச் சுற்றி அமுக்கிய வளையத்தையும் சீவி எடுக்க வேண்டும். நூறு கேஸுக்கு அந்த வேலை செய்து முடிக்கும்போது மிச்சம் பிடித்த காசு கைவலியில் போய்விடும்.

பளபளப்பை மறந்துவிடுங்கள். லபுவா கேஸின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிறமாற்றம் தெரியும். புதிதாக வாங்கியவர்கள் அதைப் பார்த்து "யாரோ சுட்டதைக் கழுவி விற்கிறார்கள்" என்று சண்டைக்கு நிற்பதுண்டு. கழுத்தைச் சூடேற்றி இளக்கியதன் அடையாளம் அது. எல்லாத் தயாரிப்பாளர்களும் அதைச் செய்கிறார்கள், சிலர் மட்டும் கடைசியில் தேய்த்து அழித்துவிடுகிறார்கள். வாய் கொஞ்சம் நசுங்கி வந்தாலும் கவலை வேண்டாம், கேஸை அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் சைஸிங் டையில் ஒருமுறை விட்டால் வட்டமாகிவிடும்.

நிறுத்துப் பார்ப்பது எல்லோருக்கும் பிடித்த சோதனை. 0.1 கிரெய்ன் காட்டும் தராசு போதும் (ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 0.065 கிராம்). ஆனால் முதலில் எல்லாக் கேஸையும் ஒரே நீளத்துக்குச் சீவுங்கள். 308-க்கு அதிகபட்சம் 51.18 மி.மீ., சீவிய பின் இருக்க வேண்டியது 50.93 மி.மீ. அதற்கு முன்னால் நிறுத்தால் நீளத்தின் வித்தியாசத்தைத்தான் அளப்பீர்கள். லபுவாவில் பெரும்பாலானவை ஒன்றரை கிரெய்ன் வித்தியாசத்துக்குள் அடங்கும். மற்ற இரண்டிலும் லாட்டுக்கு லாட் ஆட்டம் கூட இருக்கும், நல்ல லாட் வாய்த்தால் அசத்தவும் செய்யும். வின்செஸ்டர் பொதுவாக எடை குறைந்து, உள்ளிடம் கூடி இருக்கும். அதனால் மூன்றையும் ஒரே பெட்டியில் கலந்துவிட்டு ஒரே குறிக்குச் சுடுவது வீண் வேலை.

எடை வேறு, உள்ளிடம் வேறு. உண்மையில் நமக்கு வேண்டியது உள்ளிடம்தான். ஒருமுறை சுட்டு, சைஸ் செய்யாத, பழைய பிரைமர் அப்படியே உள்ள பத்துக் கேஸை எடுங்கள். காலியாக நிறுத்து, வாய்வரை தண்ணீர் ஊற்றி மறுபடி நிறுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு கலந்தால் வாயில் முட்டையாக மேடு கட்டாது. 308-ல் ஏறக்குறைய 56 கிரெய்ன் தண்ணீர் பிடிக்கும். பத்துக்கும் இடையே ஒரு கிரெய்னுக்குள் ஆட்டம் இருந்தால் தாராளமாகப் போதும்.

கழுத்துச் சுவருக்கு, குமிழ் முனை உள்ள மைக்ரோமீட்டரால் நான்கு இடத்தில் அளக்க வேண்டும். 0.37, 0.38 மி.மீ. என்று வரும். ஒரே கழுத்தின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் 0.04-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தக் கேஸைப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், போட்டிக்கு வேண்டாம். அடியில் உள்ள நெருப்புத் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரே துளை இருக்க வேண்டும். இரண்டு சின்னத் துளை தெரிந்தால் அது பெர்டன் வகை, பழைய பிரைமரைத் தள்ளி எடுக்கும் டையின் ஊசி உடையும். குத்தி எடுத்த துளையின் உட்பக்கத்தில் பிசிறு நிற்பது வழக்கம். அதற்கென்று உள்ள சீவு கருவியை ஒரு சுற்றுச் சுற்றினால் உதிர்ந்துவிடும். லபுவாவில் இந்த வேலை அநேகமாக மிச்சம்.

இதுவரை சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் பி.பி.யு. தோற்காது. ஒரு மாலை உட்கார்ந்து சீவி, அளந்து, ஐம்பதைப் பொறுக்கி எடுத்தால் அந்த ஐம்பதும் லபுவாவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். இரண்டு மடங்கு விலை தருவதற்கான காரணம் வேறு இடத்தில், அடியில் இருக்கிறது.

பித்தளையை அடித்தாலோ, இழுத்தாலோ, மடக்கினாலோ கடினமாகும். சூடேற்றினால் இளகும். கேஸின் கழுத்து ஒவ்வொரு முறை சுடும்போதும் விரிந்து, டையில் சுருங்கி, இறுகிக்கொண்டே போகும். மூன்று நான்கு முறைக்கு ஒருதடவை இளக்கிவிட்டால் பழையபடி ஆகிவிடும். நீளம் கூடினால் சீவலாம். தோள் (கழுத்துக்குக் கீழே சரிந்து அகலும் இடம்) முன்னால் தள்ளினால் டையை 0.03, 0.05 மி.மீ. அளவுக்கு மட்டும் பின்னால் தள்ளும்படி வைக்கலாம். இப்படி மேலே உள்ள எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு.

அடிக்கு இல்லை. அடியின் கடினம் தொழிற்சாலையில் அடித்து உருவாக்கும்போது வந்தது. அழுத்தத்தில் அது விரிந்தால் பிரைமர் குழியும் சேர்ந்து விரியும். சூடேற்றினால் இன்னும் இளகி ஆபத்தாகும். வீட்டில் அதைத் திரும்பக் கடினமாக்க வழியே இல்லை. குழி தளர்ந்த அன்றைக்கு, கழுத்து புதுசு மாதிரி இருந்தாலும் அந்தக் கேஸ் பழைய பித்தளை எடைக்குத்தான் போக வேண்டும். பிரைமர் ஓரத்தில் வாயு கசிந்து, துப்பாக்கியில் கேஸின் அடியைத் தாங்கும் போல்ட்டின் முகத்தில் கறுப்பு வளையம் பொறிந்த பிறகு அழுவதில் பயனில்லை.

இதை அளக்கலாம். 0.001 மி.மீ. காட்டும் மைக்ரோமீட்டரை எடுத்து, எக்ஸ்ட்ராக்டர் பள்ளத்துக்கு (கேஸை வெளியே இழுக்கும் கொக்கி பிடிக்கும் பள்ளம்) சற்று மேலே, ஒரே இடத்தில், சுடுவதற்கு முன்னும் பின்னும் விட்டம் பாருங்கள். 11.9 மி.மீ. சுற்றி வரும். எந்த இடம் என்பது மறந்துவிடாமல் அடிவிளிம்பில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள், அடுத்த முறை புள்ளிக்கு நேராகவே அளங்கள். புதுக் கேஸில் முதல் சுடுதலில் 0.012 மி.மீ.-க்கு மேல் கூடினால் அழுத்தம் அதிகம் அல்லது அடி மெத்தென்று இருக்கிறது. அதே மருந்தளவில் இரண்டு பிராண்டையும் ஐந்தைந்து சுட்டு இந்த ஒரு எண்ணை எழுதி வைத்தாலே யார் காசுக்கு வேலை செய்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

மைக்ரோமீட்டர் இல்லாவிட்டால் கை சொல்லும். கைப்பிடிப் பிரைமர் கருவியில் அழுத்தும்போது நல்ல குழி உங்களை எதிர்த்து, கடைசியில் "டக்" என்று உட்காரும். தளர்ந்தது வெண்ணெயில் விரல் போவதுபோல் போகும். அப்படிப் போன கேஸைத் தனியாக எடுத்து வாயை நசுக்கிவிடுங்கள், தவறிக்கூடத் திரும்ப வராது.

லபுவா இங்கேதான் விலையை நியாயப்படுத்துகிறது. மிதமான அழுத்தத்தில், கழுத்தை ஒழுங்காக இளக்கி வந்தால் பத்து முறைக்கு மேல் குழி இறுக்கமாகவே நிற்கும். பாதி விலைக் கேஸ் ஐந்தாறு முறையில் தளர்ந்தால் கணக்கு சமமாகிறது. பொறுக்கிச் சீவிய மாலைகளையும் சேர்த்தால் நஷ்டம். இது மிதமான அழுத்தத்துக்கான கணக்கு. அட்டவணையின் உச்சத்திலேயே நிற்பவர்களுக்கு எந்தப் பிராண்டும் ஆயுளுக்கு உத்தரவாதம் தராது. வருடத்துக்கு இருநூறு தோட்டா மட்டும் சுடுபவருக்கு பி.பி.யு. போதும் என்றுதான் சொல்வேன்.

பிராண்ட் எதுவானாலும் பார்க்க வேண்டிய இன்னொரு இடம், அடிக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் உள் சுவர். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கூர்மையாக்கி, சின்னக் கொக்கியாக மடக்கி உள்ளே விட்டு மேலே இழுங்கள். வரப்பில் கால் தட்டுவதுபோல் ஒரு பள்ளம் தட்டினால் அந்த இடத்தில் கேஸ் இரண்டாகப் பிரியப் போகிறது. வெளியே அதே உயரத்தில் மினுக்கென்று ஒரு வெள்ளை வளையம் தெரியும். டையை அளவுக்கு மேல் இறக்கித் தோளைப் பின்னுக்குத் தள்ளுபவர்களுக்கு வரும் வியாதி இது.

மேற்கு மலைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஏலத்தோட்ட ஸ்டோரில் கேஸ் பெட்டியை வைக்காதீர்கள். யூரியா மூட்டையும் அம்மோனியம் சல்ஃபேட்டும் அடுக்கிய அறையில் ஜூன், ஜூலை ஈரத்தோடு அம்மோனியா சேர்ந்தால், இழுவிசை உள்ளே அடைந்திருக்கும் பித்தளை சுடாமலேயே நீளவாக்கில் வெடிக்கும். பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் வைத்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் இப்படித்தான் விரிந்தன. அதன் காரணம் அம்மோனியாதான் என்று 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் விளக்கினார்கள். மாட்டுக்கொட்டகை, கோழிப்பண்ணைச் சுவரும் இதே கணக்குத்தான். அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷும் வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி தேய்ப்பதுபோல் இதற்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம்: ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு தேக்கரண்டி, பத்து நிமிடம், பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி முழுசாகக் காய வைக்க வேண்டும். அதிகநேரம் ஊறினால் துத்தநாகம் போய் இளஞ்சிவப்பாகத் தெரியும், அந்த நிறம் வந்தவற்றை நம்ப வேண்டாம்.

இளக்கும்போது ஒரு எச்சரிக்கை. கழுத்தும் தோளும் மட்டும் சூடாக வேண்டும், சில வினாடிகள், 400 டிகிரி செல்சியஸைத் தொடும் அளவுக்கு. வெப்பநிலை காட்டும் பூச்சைத் தோளுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து வைத்தால் தீ எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று தெரியும். பழைய வழியில் தட்டில் தண்ணீர் ஊற்றிக் கேஸை நிற்க வைத்து ஊதுவிளக்கால் காட்டுவார்கள், அடி குளிர்ந்தே இருக்கும். பளீரென்று சிவந்தால் கைமீறிவிட்டது, அந்தக் கேஸ் போகட்டும்.