திருட்டு வழக்கு: ராஜியா, பிளீ பார்கெயினிங்கா, விசாரணையா?

திருட்டு வழக்கில் சிக்கியவருக்கு முதலில் கிடைக்கும் யோசனை, “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடு” என்பதுதான். வாய்தாவுக்கு அலைவது மிச்சமாகும், ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அந்த முடிவுக்கு முன் மூன்று வழிகளைப் பார்க்க வேண்டும்: எதிர்த்தரப்போடு சமாதானமாகி வழக்கை முடிக்கும் ராஜி, குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனைக்குப் பேசும் பிளீ பார்கெயினிங், முழு விசாரணை. அவற்றில் எது திறந்திருக்கிறது என்பது எஃப்.ஐ.ஆரில் உள்ள பிரிவு எண்ணைப் பொறுத்தது.

2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதில் பிரிவு 303(2) சாதாரணத் திருட்டு, 3 ஆண்டு வரை சிறை. வீடு, பொருள் வைக்கும் கட்டடம், பயணிகள் வாகனம், வழிபாட்டிடத்துச் சிலை என்றால் 305; வேலைக்காரர் முதலாளி பொருளை எடுத்தால் 306. இரண்டுக்கும் 7 ஆண்டு வரை. கடையில் எடுத்த ஒரு சட்டைக்கே 305 போட்டுவிட முடியும். பஸ்ஸில் அடித்த பர்ஸுக்கும் அப்படியே.

பொருளின் மதிப்பையும் கவனியுங்கள். 303(2)-இல் ரூ.5,000-க்குக் கீழ் என்றால் ஜாமீன் உரிமையாகிறது. மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. முதல்முறை தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் தண்டனை சமூக சேவைதான். பழைய போனுக்குப் புதுப் போன் விலையை எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பது வக்கீலின் முதல் வேலை.

303(2)-க்கு ராஜிதான் சிறந்தது. நீதிமன்ற அனுமதி தேவையில்லை, விளைவு விடுதலை. 306-க்கு அனுமதி வேண்டும். 305-க்கு ராஜியே கிடையாது. இரு தரப்பும் சமாதானமானாலும் உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும், அது நீதிபதியின் விருப்புரிமை. ராஜி பெரும்பாலும் கெடும் இடம் கையெழுத்து. புகார் கொடுத்தவர் கடைக் காவலாளியாக இருப்பார். ஆனால் பொருளின் உரிமையாளர்தான் ராஜியாக முடியும். நிறுவனம் என்றால், அதிகாரம் பெற்றவர் கடிதத்தோடு வர வேண்டும்.

பிளீ பார்கெயினிங் 305, 306-க்கும் உண்டு. நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்த (முறைப்படி பதிவு செய்த) 30 நாளுக்குள் மனு போட வேண்டும். முன்தண்டனை இல்லாதவருக்கு, உச்சத் தண்டனையில் ஆறில் ஒரு பங்கு விதிக்கலாம்: 7 ஆண்டுக்கு 14 மாதம். நல்ல பேரம் போலத் தெரியும், ஆனால் முடிவு தண்டனைத் தீர்ப்பே. வழக்கமான மேல்முறையீடும் இல்லை. பெண்ணுக்கு எதிரான குற்றம் என்றால் இந்த வழி அடைபடும். சாட்சியம் கெட்டியாக இருந்து, 305-இல் ராஜிக்கும் வழியில்லை என்றால் மட்டும் இதை யோசிக்கலாம்.

விசாரணை நீளும். ஆனால் திருட்டை நிரூபிப்பது சுலபமல்ல: நேர்மையற்ற எண்ணம், அசையும் பொருள், சம்மதமின்மை, பொருளை நகர்த்தியது எல்லாமே நிற்க வேண்டும். தன்னுடையது என்று உண்மையாக நம்பி எடுத்தவர் திருடர் அல்ல. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. அதை வைத்துப் பொருள் கண்டெடுத்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். எனவே வழக்கு பெரும்பாலும் மகஜரில்தான், அதாவது பொருளைக் கைப்பற்றியதைப் போலீஸ் சாட்சிகள் முன் எழுதும் பதிவில்தான், ஊசலாடும். மகஜர் சாட்சிகள் யார், நேரம் பொருந்துகிறதா, பொருளை அடையாளம் காட்டியது யார் என்று குறுக்கு விசாரணையில் துருவ வேண்டும். எதிர்ப்பக்கத்தின் பலமான ஆயுதம், திருட்டு நடந்த சில நாளிலேயே பொருள் உங்கள் கையில் இருந்தது என்பது. அதற்கு நம்பும்படியான விளக்கம் வேண்டும். பில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

தோற்றாலும் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தில் சிறையின்றி, நன்னடத்தைக்கான பிணைப்பத்திரத்தில் விடக் கேட்கலாம். பல வக்கீல்கள் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். போலீஸ் வேலைக்கு முயல்பவருக்கு ராஜியைவிட, விசாரித்துக் கிடைக்கும் விடுதலை பலமானது. எதுவாயினும் விண்ணப்பத்தில் வழக்கை மறைத்தால் அதுவே வேலையைப் பறிக்கும்.

வக்கீல் பணம் இல்லையென்றால் 15100-க்கு அழையுங்கள். காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. குற்றப்பத்திரிகை நகல் கைக்கு வந்த 60 நாளுக்குள் விடுவிப்பு மனு (விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்பது) போட வேண்டும் என்பதால், வக்கீலைத் தேடுவதை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.